புத்தலப்பட்டு கிளினிக்குக்கு நாம் எழுதிய லாகின்

இன்று சித்தூரிலிருந்து திருப்பதிக்குத் திரும்பும் பஸ் புத்தலப்பட்டில் நின்றபோது, வேகவைத்த வேர்க்கடலையின் மணம் ஜன்னல் வழியே ஏறி வந்தது. விஜயபுரத்தில் உங்கள் வயலில் பிடுங்கிய கடலையை இப்படித்தான் உப்புத் தூக்கலாக வேகவைத்து, லேப்டாப் பையிலேயே போட்டு ஆபீசுக்குக் கொண்டுவருவாய். "மொதல்ல துன்னுமே, அப்புறம் புரோகிராம் எழுதலாம்" என்பாய். பக்கத்து சீட்டுக்காரர் பார்ப்பது தெரிந்தும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த நிறுத்தத்துக்கு எதிர்ச் சந்தில்தான் டாக்டரம்மாவின் கிளினிக். அவருக்காக நம் ஆபீஸ் ஒரு வெப் அப்ளிகேஷன் செய்து கொடுத்திருந்தது. ஜாவாவில் எழுதியது, கிளவுடில் ஓடியது. பரிசோதனைக்கு வந்த பெண்கள் தங்கள் ரிப்போர்ட்டைப் போனிலேயே பார்க்கலாம். உள்ளே நுழைய, பதிவுசெய்த நம்பருக்கு ஓ.டி.பி. வரும். ரெடிமேடாகக் கிடைத்த லாகின் அது. அதை அப்படியே பொருத்திவிட்டு நாம் அடுத்த வேலைக்குப் போய்விட்டோம்.

ஒருநாள் டாக்டரம்மா நம் இருவரையும் நேரில் வரச்சொன்னார். அவர் அறையில் நம் வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"இவங்ககிட்டயே சொல்லும்மா" என்றார் டாக்டரம்மா.

"எங்க வூட்ல ஒரே போனு. அது எங்க வூட்டுக்காரர்கிட்ட இருக்கும். ஓ.டி.பி. அதுக்குத்தான் வரும்" என்றாள் அவள். "எனக்கு ஏன் கொழந்த நிக்கலன்னு வந்த ரிப்போர்ட்ட மொதல்ல எங்க மாமியார் பார்த்தாங்க. அப்புறம் நாத்தனார் பார்த்தாங்க. ஊரே பேசிக்கினு இருந்தப்பதான் எனக்குத் தெரிஞ்சிது. இனிமே டெஸ்டுக்கு வரமாட்டேன்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நீ பார்த்தாய்.

திரும்பி வந்து ஆபீஸ் வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தியதும், "லாகின நாமளே எழுதணும்மே. போனு யாருதா இருந்தா இன்னா, உள்ள போறது அவளா இருக்கணும்" என்றாய்.

நம் மேலாளர் ஒப்பவில்லை. "ரெடியா இருக்கறத விட்டுட்டு எந்துகம்மா இதந்தா?" என்று, இதெல்லாம் எதற்கு என்ற கேள்வியைத் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடித்தார். சொந்தமாக எழுதினால் எங்காவது ஓட்டை விழும் என்ற அவர் பயம் நியாயமானது. நீ எதிர்த்துப் பேசவில்லை. "வெளி ஆளவெச்சி ஒடைக்கச் சொல்லிப் பாருங்க சார். ஒடஞ்சா பழசையே போட்டுடலாம்" என்றாய். கிளினிக்கின் அடுத்த பரிசோதனை முகாம்வரை நமக்கு அவகாசம் கிடைத்தது.

கிளினிக் அட்டையில் உள்ள எண்ணும், அவரவர் தேர்ந்தெடுக்கும் ஒரு ரகசியச் சொல்லும் போதும் என்று முடிவு செய்தோம். சொல் தமிழிலும் இருக்கலாம், தெலுங்கிலும் இருக்கலாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்னால் நின்று, வருபவர் யார் என்று கேட்கும் ஃபில்ட்டரை நான் எழுதினேன். ரகசியச் சொல்லை யாரும் திரும்ப எடுக்க முடியாதபடி உருமாற்றிச் சேமிக்கும் பகுதி உன்னுடையது.

"மறந்துட்டு வந்தா நாம எடுத்துக் குடுக்க வேணாமா?" என்றார் மேலாளர்.

"டாக்டரம்மா எதிர்ல வந்து புதுசா ஒண்ணு வெச்சிக்கட்டும் சார். பழசு நமக்கும் தெரியக் கூடாது" என்றாய்.

நம் கணினியில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. கிளவுடில் ஏற்றியதும் சொதப்பியது. உள்ளே நுழைந்து அடுத்த பக்கத்தைத் தொட்டால் மறுபடியும் லாகின் பக்கத்துக்கே தள்ளியது. ஒரு சமயம் விட்டது, ஒரு சமயம் விடவில்லை. முகாம் நெருங்கிக்கொண்டிருந்தது. "என்னடி பண்றது, பழசையே போட்டுடலாமா?" என்று நான் தளர்ந்துபோய்க் கேட்டேன். நீ சர்வர் எழுதிவைத்த லாக் பதிவுகளைத் திரையில் மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருந்தாய். திடீரென்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாய்.

"அங்க ரெண்டு சர்வர் ஓடிக்கினு இருக்குதுமே. நுழைஞ்சது ஒண்ணுல, அடுத்த கிளிக்கு போனது இன்னொண்ணுக்கு. அதுக்கு இவ யாருன்னே தெரியல."

யார் உள்ளே வந்தார்கள் என்ற விவரத்தை இரண்டு சர்வர்களும் பார்க்கும்படி டேட்டாபேசுக்கு மாற்றினோம். பக்கம் திறந்தது. மறுபடி தொட்டோம், மறுபடி திறந்தது. வெளியிலிருந்து வந்த சோதனைக்காரரும் முட்டிப் பார்த்துவிட்டு உடைக்க முடியவில்லை என்று எழுதிக் கொடுத்தார். மேலாளர் அதை நின்றுகொண்டே படித்துவிட்டு, "சரி, போடுங்க" என்றார்.

முகாம் நாளில் அந்தப் பெண் கணவனோடு வந்தாள். டாக்டரம்மா வற்புறுத்தி அழைத்திருந்தார். கணவனின் போனைக் கேட்டு வாங்கி, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, முந்தானையால் திரையை மறைத்துக்கொண்டு தன் சொல்லை எழுதினாள். ரிப்போர்ட் திறந்தது. நிதானமாகப் படித்து முடித்து வெளியேறி, போனைக் கணவனிடமே நீட்டினாள். அவன் திறக்கப் பார்த்தான். திறக்கவில்லை.

"இன்னா போட்டிருக்குது?" என்று கேட்டான்.

"வூட்டுக்குப் போய் நானே சொல்றேன்" என்றாள்.

நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடினாய். நடுச் சந்தில் நின்று இருவரும் அப்படிச் சிரித்தோம். அன்று நாம் ஜெயித்தோம்.

அடுத்த மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. நம் லாகின் நிற்கவில்லை. அக்கம்பக்கத்துக் கிளினிக்குகள் கேட்டு வாங்கிக்கொண்டன. எல்லாவற்றிலும் நீ எழுதிய பகுதி அப்படியே ஓடுகிறது.

யாராவது ரகசியச் சொல்லை எழுத ஆரம்பித்தால் நீ முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொள்வாய். அந்தப் பழக்கம் இப்போது எனக்கும் வந்துவிட்டது. நேற்று ஏர்பேட்டுக் கிளினிக்கில் ஒரு பெண் தன் சொல்லை எழுதும்போது, நான் ஜன்னல் பக்கம் திரும்பி நாற்று நட்ட வயலைப் பார்த்துக்கொண்டு நின்றேன், "ஆச்சு மேடம்" என்று அவளாகச் சொல்லும்வரை.