சாட்சி சொல்லும்வரை

மரக்காணம்
5.7.2024

அன்பு மகள் ஹுமாவுக்கு அத்தாவின் சலாம்.

போனில் பேசினால் சண்டையாகிவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். உப்பளத்தில் கொட்டகைப் பக்கம் உன் தம்பி ஃபாரிஸுக்கு வீடு கட்டி முடித்தாயிற்று. கடல் மட்டம் ஏறுகிறது, மழைவெள்ளம் இனி வடியாது, அங்கே குடி வைக்காதீர்கள் என்கிறாய். வெள்ளம் எனக்குப் புதிதா? இதைப் பற்றிய உன் ஆராய்ச்சிக் கட்டுரையை உன்னைப் போல ஆராய்ச்சி செய்யும் இரண்டு பேர் படித்துச் சரி என்றால்தான் பத்திரிகையில் போடுவார்களாம். நீ அவர்களைப் புகழ, அவர்கள் உன்னைப் புகழ, கட்சி மேடை மாதிரிதானே? கோபித்துக்கொள்ளாதே கண்ணு, வேளைக்குச் சாப்பிடு.

துஆவுடன்,
அத்தா லியாகத் அலி


ஹாம்பர்க்
28.7.2024

அன்புள்ள அத்தாவுக்கு,

வஅலைக்கும் சலாம். அந்த இரண்டு பேரும் யாரென்றே எனக்குத் தெரியாது. குற்றம் கண்டுபிடிப்பதுதான் அவர்கள் வேலை. நிக்காஹ்வுக்கு இரண்டு சாட்சி போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் எங்கள் பேச்சு செல்லும். போன மாதம் என் கணக்கில் ஒரு பிழை காட்டினார்கள். வெட்கமாகப் போய்விட்டது, திருத்தி அனுப்பியிருக்கிறேன். ஃபாரிஸ் அங்கே குடிபோய்விட்டானாமே, மழைக்கு முன்னால் அவனை ஊருக்குள் அழைத்து வந்துவிடுங்கள்.

உங்கள் ஹுமா


மரக்காணம்
20.9.2024

அன்பு மகளுக்கு சலாம்.

இப்போதுதான் புரிந்தது. கேலி செய்ததை மன்னித்துவிடு. சாட்சி இல்லாத நிக்காஹ் செல்லாது. உன் கட்டுரைக்கு இன்னும் சாட்சி வரவில்லை, பிழை வேறு இருந்திருக்கிறது. ஃபாரிஸ், “அக்கா சொல்லுது, வந்துடறேன் அத்தா” என்று மூட்டை கட்டிவிட்டான். நான்தான், “ஏம்பா அவசரப்படுற? அவங்க ரெண்டு பேரும் சொல்லட்டும்” என்று நிறுத்தினேன். அவர்கள் சொன்ன அன்றே வண்டி அனுப்புகிறேன்.

துஆவுடன்,
அத்தா


ஹாம்பர்க்
11.10.2024

அத்தா,

நிக்காஹ் சாட்சியை உதாரணம் சொன்னது என் தப்பு. இன்னும் பதில் வரவில்லை. இந்த மழையிலேயே வெள்ளம் வரும், நூற்றுக்கு நூறு நிச்சயம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் அவனை அழைத்து வந்துவிடுங்கள், ப்ளீஸ்.

ஹுமா


மரக்காணம்
14.12.2024

ஹுமாவுக்கு,

நீ அழுவதைக் கேட்க முடியாமல்தான் போனை எடுக்கவில்லை. ஃபாரிஸை அடக்கம் செய்துவிட்டோம். புயலன்று மனைவியை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, உப்புக்குத் தார்ப்பாய் கட்ட அவன் மட்டும் தங்கினான். வெள்ளம் வடியவே இல்லை. படகு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள் என்ற உன் சேதி நேற்று வந்தது. ஒன்று கேட்கிறேன். அவர்கள் சொல்வதற்கு முன்பே உனக்குத் தெரியும்தானே? தெரிந்திருந்தும், அவன் செத்துப்போவான் அத்தா என்று ஒரு வரி ஏன் எழுதவில்லை?

அவனை நிறுத்தியவன் நான். அதற்கு நான் அல்லாஹ்விடம் பதில் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் உன் கையெழுத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. இனி எழுதாதே.

லியாகத் அலி