குகைக்கு இன்னொரு வாய்

திங்கள், நவம்பர் 3

விடியும் முன்பே மழை. ரப்பர் பால்வெட்டு இல்லை. காலைப் பெரட்டுக்கு, பேர் கூப்பிட, வந்தவர்களைத் திருப்பி அனுப்பியாயிற்று. ஆபீஸ் முழுக்க ஈரக் குடை நாற்றம்.

பெரிய துரை கூப்பிட்டார். அரசாங்கத்திலிருந்து கல் ஆராயும் வெள்ளைக்காரர் வந்திருக்கிறாராம். தோட்டத்து எல்லையில் இருக்கும் கப்பூர்க் குன்றைப் பார்க்க வேண்டுமாம். புது ரோட்டுக்கு அங்கே கல் எடுக்க முடியுமா என்பது ஒரு கேள்வி. உள்ளே எத்தனை குகை, எத்தனை வாய் என்பது இன்னொன்று. இரண்டாவதுக்குத்தான் அவரை அனுப்பியிருக்கிறார்கள். கூடப் போய் மொழிபெயர்க்கவும் அளவு டேப் பிடிக்கவும் நான். என் கிராணி வேலையை, கணக்கெழுத்தை, பக்கத்து டிவிஷன் ஆள் பார்த்துக்கொள்வானாம்.

முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ராமையாவின் அண்ணன் முடியாது என்றால் அதற்கு வேறு அர்த்தம்.

பகாவ் டவுனுக்குப் போகும் லாரியில் சொல்லி வாங்க: டார்ச் பேட்டரி, சிவகாமிக்கு இருமல் மருந்து, சரசுவுக்கு சிலேட்டுக் குச்சி.

வீட்டில் என் பெண்டாட்டி சிவகாமியிடம் மட்டும் சொன்னேன். தம்பி பெண்டாட்டி அன்னத்திடம் சொல்லவில்லை. தம்பி ராமையா கம்யூனிஸ்டுகளோடு காட்டுக்குள் போனதிலிருந்து அவளும் குழந்தை சரசுவும் எங்கள் பின்னறையில். சங்கத்தைத் தடை செய்த பிறகு விசாரணை என்று அவனை இரண்டு தரம் அழைத்துப் போனார்கள். இரண்டாம் தரம் திரும்பி வந்தவன் இடது கையால்தான் சாப்பிட்டான். அடுத்த ஜீப் வந்தபோது அவன் வீட்டில் இல்லை. அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை.

அந்தக் குன்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ஜப்பான் சண்டைக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் வௌவால் எரு அள்ளப் போவோம், காய்கறிப் பாத்திக்கு.

செவ்வாய், நவம்பர் 4

தூறல். பிறகு வெயில்.

வந்தவர் இளவயது. கழுத்துத் தோல் உரிந்திருக்கிறது. ஆட்கள் அதற்குள் 'கல் துரை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நானும் இனி க.து. என்றே எழுதுகிறேன். சுத்தியல், திசைகாட்டி, பை நிறையக் கல். அதட்டுவதில்லை. பாதுகாப்புக்கு நாலு மலாய்க் காவல்காரர்கள்.

குன்றின் கிழக்கு முகம். இத்தனை வருஷம் பார்த்த பாறைதான். இன்று அவர் விரலால் காட்டிய பிறகுதான் தெரிந்தது: வெள்ளையும் சாம்பலுமாகப் பட்டை பட்டையாக, புடவைக் கொசுவம் போல மடிந்து மடிந்து கிடக்கிறது. கடலடியில் சிப்பியும் புழுபூச்சியும் செத்துப் படிந்து ஆன கல்லாம். அப்புறம் பூமிக்குள் ஆழத்தில் புதைந்து, இரண்டு பக்கமும் நெருக்குண்டு, சூட்டில் வளைந்ததாம்.

கல் வளையுமா என்று கேட்டேன். பையிலிருந்து மெழுகுவர்த்தி எடுத்தார். கையில் வைத்துச் சூடாக்கி மெள்ள மெள்ள அழுத்தினார், வளைந்தது. இன்னொன்றைச் சட்டென்று அழுத்தினார், இரண்டாயிற்று. ஆழத்தில் நிதானமாக நெருக்கினால் கல் இடம் கொடுக்கும். மேலே வந்து ஆறிய பிறகு நெருக்கினால் வெடிக்கும். வெடித்த கோடுகள்தான் இவருக்கு முக்கியம். குகை எல்லாம் அந்தக் கோட்டில்தான் பிறக்குமாம்.

ஒடிந்த மெழுகுவர்த்தியைச் சரசுவுக்குக் கொண்டுவந்தேன். ஒரே தோட்டத்தில் ஒரே நெருக்கலில் நான் வளைந்தேன், தம்பி வளையவில்லை. இதற்கு மேல் அதை யோசிக்கக் கூடாது.

கேட்டில் சோதனை. ஆட்களை மேய்க்கும் மண்டோர் முனியன் என் காதோரம்: "கிராணி, உங்க தம்பி அங்கதான் இருக்கான்னு பேசிக்கிறாங்க லா. பாத்துப் போங்க."

வியாழன், நவம்பர் 6

நல்ல மழை. குகைக்குள் போனோம். 

எரு அள்ளிய கூடத்தைத் தாண்டி நான் போனதில்லை. க.து. முன்னால் போனார். காவல்காரர்கள் வாயிலேயே நின்றுவிட்டார்கள். உள்ளே ஒரு ஓடை. வெளியே பார்த்தால் தேத்தண்ணீர் நிறம், குன்றுக்குள் நுழைந்து காணாமல் போகிறதே, அதே ஓடைதான். மழைத்தண்ணீர் காற்றிலும் மக்கிய இலையிலும் கொஞ்சம் புளிப்பை எடுத்துக்கொண்டு வருகிறதாம். நாக்குக்குக்கூடத் தெரியாத புளிப்பு. அது சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கும். முதலில் மயிரிழை வெடிப்பு, பிறகு விரல், பிறகு ஆள், பிறகு கூடம். கரைத்ததைக் கொண்டுபோய்க் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக இறக்கிக் கல்விழுதாகக் கட்டும். சொல்லும்போது அவர் குரல் சந்தோஷமாக இருந்தது. கோயிலுக்குள் இருப்பது போல மெதுவாகப் பேசினார்.

ஓடைக்கு அப்பால் மேடு. அங்கே சாம்பல். கைவைத்தேன், வெதுவெதுப்பு. நசுங்கிய பால் டின். களிமண்ணில் கால் தடம், ரப்பர்ப் பால்ஷீட்டை வெட்டித் தைத்த செருப்பின் தடம். பால்வெட்டுக்காரர்கள்தான் அப்படிச் செய்துகொள்வார்கள்.

க.து.வும் பார்த்தார். டார்ச்சை அணைத்தார். இருட்டில் கொஞ்ச நேரம் நின்றோம். எங்கேயோ தண்ணீர்ச் சத்தம்.

சொல்லிவிட்டேன். என் தம்பி காட்டுக்குள் போனவன், இங்கே தங்கியவர்களில் அவன் இருக்கலாம் என்று. ஏன் சொன்னேன் தெரியவில்லை. வேறு யாரிடம் சொல்வது. அவர் டார்ச்சை மறுபடி ஏற்றினார். பிறகு, பார்த்ததை அறிக்கை செய்யாமல் இருக்க முடியாது, உன் தம்பி பெயரை எழுத மாட்டேன், சுடும் முன் சரணடையக் கூப்பிட்டுப் பார்க்கும்படி பட்டாளத்தைக் கேட்கிறேன் என்றார்.

சாயங்காலமே சொல்லியிருப்பார். இருட்டுவதற்குள் சிரம்பான் பக்கமிருந்து பட்டாள லாரிகள்.

சனி, நவம்பர் 8

மழை விட்டிருக்கிறது. குன்றைச் சுற்றிப் பட்டாளம். அந்தப் பக்கத்து ரப்பர் நிரைகளில் பால்வெட்டு நிறுத்தம். ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. சோற்றுப் பொட்டலம் யாராவது வெளியே எடுத்துப் போகிறார்களா என்று பெண்களின் கூடையை எல்லாம் கொட்டிப் பார்த்தார்கள்.

பெரிய துரையிடம் போய் நின்றேன். பட்டாள ஆபிசரும் அங்கே. க.து. எனக்காகப் பேசினார், அது உண்மை. உள்ளே இருப்பவர்கள் சரணடைந்தால் உயிருக்குப் பயமில்லை, நாளைக்கு ஒலிபெருக்கியில் கூப்பிடலாம் என்று ஆபிசர் ஒத்துக்கொண்டார். ஆனால் கூப்பிடுவது பெண்டாட்டியாக இருக்க வேண்டுமாம். அண்ணன் குரலில் பிரயோஜனம் இல்லையாம்.

அன்னத்திடம் நானேதான் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள், "நெசமாவே உள்ள இருக்காரா மாமா?" தெரியாது என்றேன். "கூப்புட்டா வந்துடுவாரா?" அதுவும் தெரியாது.

ஞாயிறு, நவம்பர் 9

வெயில். காற்று இல்லை.

அன்னம் தலைக்குக் குளித்து, கல்யாணச் சேலை கட்டி வந்தாள். பூ வைத்துவிட்டது சிவகாமி. சரசுவையும் கூட்டி வரச் சொன்னார்கள், சிவகாமி மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

குகை வாய்க்கு எதிரே மணல் மூட்டைகள். கையில் ஒலிபெருக்கியைக் கொடுத்தார்கள். அவளுக்கு அதைப் பிடிக்கத் தெரியவில்லை. நான் பிடித்தேன்.

"சரசு அப்பா, நாங்கதான். வெளிய வாங்க. ஒன்னும் செய்ய மாட்டாங்களாம்."

இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆபிசருக்குத் திருப்தியில்லை. உள்ளே எத்தனை பேரோ, எல்லாரும் யாருக்காவது அப்பாதான், பெயரைச் சொல்லட்டும் என்றார். மொழிபெயர்த்தேன். அன்னம் என்னைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

"மாமா, நீங்க கொஞ்சம் அப்பால போங்க."

போனேன். முதுகைத் திருப்பிக்கொண்டேன். பின்னால் அந்தக் குழாயில் என் தம்பியின் பெயர். குன்று வாங்கித் திருப்பிச் சொன்னது. மறுபடி. மறுபடி. தொண்டை கட்டும் வரை.

யாரும் வரவில்லை.

பிற்பகல் பட்டாளத்தார் சிலர் உள்ளே போனார்கள். வெடிச்சத்தம். ஒருவனைத் தொடையில் ரத்தத்தோடு தூக்கி வந்தார்கள். ஆக, உள்ளே ஆள் இருக்கிறது. யார் என்பது தெரியாது. அதன் பிறகு ஆபிசர் யார் பேச்சையும் கேட்கவில்லை. க.து. ஏதோ சொல்லப்போய்த் திரும்பி வந்தார்.

திங்கள், நவம்பர் 10

காலையில் எல்லாரையும் வீட்டுக்குள் இருக்கச் சொன்னார்கள். பிறகு வெடி. தரை குலுங்கியது, அலமாரியில் இருந்த பீங்கான் விழுந்தது. இன்னொரு வெடி. இன்னொன்று.

குகை வாயை அடைத்துவிட்டார்கள். போய்ப் பார்த்தேன், விட்டார்கள். ஒவ்வொன்றும் வீட்டளவு கல். ரப்பர் இலை எல்லாம் வெள்ளையாகப் புழுதி. வௌவால்கள் பட்டப்பகலில் சுற்றிக்கொண்டிருந்தன.

அன்னம் அழவில்லை. சமைத்தாள். சரசுவுக்குத் தலை வாரினாள். சாயங்காலம் என்னிடம் வந்து, "நான் என்னா செய்யணும் மாமா? பூ வச்சுக்கவா, வேணாமா?" என்றாள்.

 சிவகாமிதான் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

செவ்வாய், நவம்பர் 11

மழை. கிணற்றுத் தண்ணீர் பால் போல. குடிக்க வேண்டாம் என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் சொல்லிவிட்டுப் போனார்.

க.து. வந்தார். கண் சிவந்திருந்தது. சுண்ணாம்புக் குன்றில் ஒரே வாய் உள்ள குகை குறைவு, வெடிப்புகள் ஒன்றோடொன்று போய்ச் சேரும், ஓடை உள்ளே போனால் எங்கேயாவது வெளியே வந்தாக வேண்டும் என்றார். இதை ஏன் எங்களிடம் சொன்னார். அன்னம் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்; ஆங்கிலம் புரியாது, ஆனால் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

மூன்று பேரும் போனோம், காவல்காரன் ஒருவனோடு. குன்றின் மேற்கே, தாழ்ந்த இடத்தில், புதருக்குள் ஊற்று. வெள்ளைத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதேதான், உள்ளே போன ஓடை. க.து. குனிந்து வெடிப்பை அளந்தார். என் கை நுழைந்தது. முழங்கைக்கு மேல் நுழையவில்லை.

அன்னம் முட்டிபோட்டுத் தன் கையை விட்டாள். அவள் கை மெலிது, தோள் வரை போனது. வெகுநேரம் எடுக்கவில்லை. காவல்காரன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

வெள்ளி, நவம்பர் 14

மழை, மழை.

அன்னம் தினமும் ஊற்றுக்குப் போகிறாள். துணி துவைக்க என்கிறாள். பெண்கள் குழாயடியில் பேசியது காதில் விழுந்தது: "பித்து புடிச்சிருச்சு." "இருக்கட்டும்டி, வுடு. நமக்குன்னா தெரியும்." பெயரைச் சொல்லவில்லை, ஆனால் அன்னத்தைத்தான்.

இன்று குன்றுக்கு இந்தப் பக்கம் ரப்பர் நிரைக்குள் தரை இறங்கிவிட்டது. மரங்கள் நின்றபடியே உள்ளே போயின. லாரி முழுகும் பள்ளம். வெடியில் உள்ளே கூரை தளர்ந்து, மழை மண்ணை இழுத்துக்கொண்டு போய், மேலே இருந்தது விழுந்திருக்கிறது என்று க.து. விளக்கினார். கீழே குகை தொடர்கிறது என்று அர்த்தம்.

எங்களுக்கு முன்பே அன்னம் அங்கே நின்றாள். விளிம்புக்குப் போகவிடாமல் பிடித்துக்கொண்டார்கள். கயிற்றில் ஒருவனை இறக்கிப் பார்க்கலாமா என்று நானே கேட்டேன். நானே இறங்குகிறேன் என்றேன். க.து. தரையில் காதை வைத்துக் கேட்டார். மண் இன்னும் சரிந்துகொண்டிருக்கிறது, இறங்குகிற ஆளும் போய்விடுவான் என்றார். கூப்பிட்டுப் பார்த்தேன். என் குரல் கேவலமாக இருந்தது. மண் விழும் சத்தம் மட்டும் வந்தது.

பெரிய துரைக்கு மரக் கவலை. வாரம் முடிவதற்குள் பள்ளத்தை மூட உத்தரவு. கல்லுக்குப் பஞ்சமில்லை, வெடித்துக் கிடக்கும் கல்லையே லாரியில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். மண்டோர் முனியன் லாரியைப் பின்னால் வரச்சொல்லிக் கைகாட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையை இறக்கினான். பிறகு மறுபடி காட்டினான். அவனைச் சொல்லி என்ன.

சிவகாமிக்கு இருமல் அதிகம்.

ஞாயிறு, நவம்பர் 16

பள்ளத்தை மூடியாயிற்று. மேலே செம்மண் போட்டு மட்டம் தட்டிவிட்டார்கள். அடுத்த மாதம் லயத்தையே முள்கம்பிக்குள் மாற்றப்போகிறார்களாம். ஊற்றில் தண்ணீர் குறைந்துகொண்டு வருகிறது. நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

க.து. இன்று போகிறார். ஜீப்பில் கல் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தோம். கை கொடுத்தார். மன்னிப்பு மாதிரி ஏதோ ஆரம்பித்து முடிக்கவில்லை.

அன்னம் வந்தாள்.

"அவருகிட்ட ஒன்னு கேளுங்க மாமா. தண்ணி வர்ற வெடிப்பு இருக்குல்ல. அது ஒரு ஆளு வர்ற அளவுக்கு எப்ப அகலமாவும்?"

கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றினார். இவள் காலத்தில் இல்லை, இவள் பிள்ளையின் பிள்ளைகள் காலத்திலும் இல்லை, மனிதக் கணக்கிலேயே அது வராது என்றார். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை, மண்ணைப் பார்த்துச் சொன்னார்.

"தெரியலைன்னாரும்மா."

"தெரியலைன்னாரா, ஆவாதுன்னாரா?"

"தெரியலைன்னாரு."

ஜீப் போயிற்று. அவள் குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுப் பக்கம் நடந்தாள். சரசுவையும் கூட்டிக்கொண்டு.