நேர் எதிரே வந்து நில்

ஸ்ரீரங்கம்,
வியாழக்கிழமை

அன்புள்ள தர்ஷினிக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். குவாஹாட்டியில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாய், அந்தக் குளிரில் நீ சளி இருமல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று தெரிந்தால்தான் இங்கே எங்களுக்குச் சோறு இறங்கும். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. அப்பா வேலைக்குப் போகும்போது காவிரிப் பாலத்தில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று பார்த்துவிட்டு வந்து, தானே திறந்துவிட்டவர் போலச் சொல்கிறார். திருவெறும்பூர் பட்டறையில் ஆர்டர் குறைவுதான், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கிறார், இருக்கும் நாளில் சமையலறைக்குள் வந்து எல்லா டப்பாவையும் இடம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தார், போன வாரம் வரைக்கும். அது எனக்கு எவ்வளவு பெரிய தொல்லை என்பது இந்தக் கடிதத்தைப் படித்து முடித்தால் உனக்குப் புரியும்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் பங்குக்குப் பேசுவார், நீயும் போன தடவை மாதிரி, "விடும்மா, நான் அனுப்புறேன் பணம், அந்த உதவித்தொகைக்குப் போய் ஏன் இப்படி அலையிற" என்று முடித்துவிடுவாய். வாட்ஸப்பில் தட்டினால் எழுத்து ஓடிக்கொண்டே இருக்கிறது, நான் அதைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். தாள் ஓடாது. ஆகையால் தாள்.

என் கண்ணைப் பற்றி உனக்குத் தெரிந்தது பாதிதான். இருட்டில் சரியாகத் தெரியாது, அவ்வளவுதான் என்று சொல்லி வைத்திருந்தேன். இப்போது பகலிலும் அப்படித்தான். நடுவில் ஒரு சின்னத் தட்டு அளவுக்கு எல்லாம் துல்லியமாகத் தெரிகிறது, அதைச் சுற்றி ஒன்றும் இல்லை. இருட்டு என்று நினைத்துக்கொள்ளாதே, இருட்டாக இருந்தால்கூட ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். உன் முதுகுக்குப் பின்னால் உனக்கு என்ன தெரிகிறதோ, அதுதான் எனக்கு என் தோளுக்குப் பக்கத்தில் தெரிகிறது. விழித்திரை ஓரத்திலிருந்து கெட்டுக்கொண்டே உள்ளே வருகிறதாம், நிறுத்த மருந்து கிடையாதாம். தெப்பக்குளத்து அச்சகத்தில் உட்கார்ந்து புரூஃப் பார்க்கும்போது எந்தக் குறையும் இல்லை, காற்புள்ளி மாறியிருந்தால்கூடப் பிடித்துவிடுவேன். எழுந்து வாசலுக்குப் போனால் நாற்காலியில் இடித்துக்கொள்வேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் படியைவிட்டு விழுந்து முழங்கையைக் கிழித்துக்கொண்ட பிறகு சாயங்கால வேலையை விட்டுவிட்டேன், முதலாளியும் அரை நாள் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்கும் வேலை குறைந்து எனக்கும் குறைந்த பிறகுதான் ஊனச் சான்றிதழுக்கு எழுதிப்போட்டோம், சான்றிதழ் இருந்தால்தான் மாத உதவித்தொகையும் பஸ் பாஸும்.

ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருந்தார்கள். கூட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும், காலில்லாதவர்கள் மாடிப்படி ஏறி வந்து டோக்கன் வாங்கினார்கள். கண் டாக்டர் சின்ன வயசுக்காரர், காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று முகத்தில் எழுதியிருந்தது. சுவரில் எழுத்து அட்டையைக் காட்டிப் படிக்கச் சொன்னார். நான் கடைசி வரி வரைக்கும் படித்தேன் தர்ஷினி. நிறுத்தத் தெரியவில்லை எனக்கு. "என்னைவிட நல்லாப் படிக்கிறீங்கம்மா" என்றார், எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பக்கவாட்டில் தெரியாது சார் என்று சொன்னதற்கு, இரண்டு கையையும் விரித்து வைத்து விரலை ஆட்டி, எந்தப் பக்கம் அசைகிறது என்று கேட்டார். விரல் தெரியவில்லை. ஆனால் அவர் தோள் லேசாக அசைந்ததை வைத்துச் சொல்லிவிட்டேன், எல்லாமே சரி. அப்படித்தானே இத்தனை வருஷமாகக் காலம் தள்ளுகிறேன், சத்தத்தை வைத்து, நிழலை வைத்து, எதிராளி முகம் போகும் போக்கை வைத்து. உதவி பெறும் அளவுக்குக் குறைபாடு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். தனியார் கண் ஆஸ்பத்திரியில் எடுத்த ரிப்போர்ட்டை நீட்டினேன், வெளி ரிப்போர்ட் எடுத்துக்கொள்ள முடியாது என்றார், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

பணத்துக்காகத்தான் போனேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் ஏன் விடவில்லை என்று கேட்டாயே, அதற்குப் பதில் இது. அந்தத் தீர்ப்பு வந்த வாரம் முழுக்க, கதவில் இடித்தாலும் குடத்தைத் தட்டிவிட்டாலும், உனக்குத்தான் ஒன்றும் இல்லையே, கவனம் இல்லாதவள் என்று எனக்கே உள்ளுக்குள் கேட்டது. அரசாங்கமே சொல்லிவிட்டதே. நமக்கே நம் மேல் நம்பிக்கை போய்விட்டால் அப்புறம் எதை வைத்து நடப்பது. பிறகு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தேன், அங்கிருந்து இன்னோர் அலுவலகம், அங்கே மேல்முறையீட்டுக்கு வேறு தாள், அந்தத் தாளோடு இணைக்க முகாம் தாளின் நகல், நகலில் முத்திரை தெளிவாக இல்லை என்று திரும்பவும். ஒரு மேசைக்காரர் நான் மனுவைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துவிட்டு, "கண்ணாடி இல்லாமப் படிக்கிறீங்க, கண்ணு தெரியலைங்கிறீங்க, கேக்குறவன் கேணையனா?" என்றார். வெளியே வந்து ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். கோபமில்லை, ரொம்ப அசதியாக இருந்தது.

நம் லூர்துராணி அக்காவை உனக்கு நினைவிருக்கும், அச்சகத்தில் பைண்டிங் பார்ப்பவர், பாலக்கரை வீட்டுக்கு உன்னை ஒருமுறை கேக் சாப்பிடக் கூட்டிப் போனேனே. மேல்முறையீட்டுக்குத் துணை வரக் கூப்பிடும்போதுதான் விஷயத்தை முழுசாகச் சொன்னேன். கையில் இருந்த பசை பிரஷ்ஷை அப்படியே கீழே வைத்தார். "அடிப்பாவி சித்ரா, ரோட்டுல பக்கத்துல வந்து சிரிச்சா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போவியே, இவ்ளோ நாளா நான் உன்னையத் திமிரு புடிச்சவன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். எனக்கு அது தெரியும். அச்சகத்திலும் தெருவிலும் நிறைய பேர் அப்படி நினைக்கிறார்கள் என்று தெரியும். புத்தகம் படிக்கிறவள், தலைக்கனம் பிடித்தவள் என்று நினைத்துவிட்டுப் போகட்டும், ஐயோ பாவம் என்று பார்ப்பதைவிட அது மேல் என்றுதான் இருந்தேன். அக்காவிடம் அதையும் சொன்னேன். "நல்லா இருந்துச்சு போ ஒன் ரோசம்" என்று சொல்லிவிட்டு, மேல்முறையீட்டு அன்றைக்கு லீவு போட்டுக்கொண்டு என்னோடு வந்தார்.

மேல்முறையீட்டை அரசு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் குழு பார்க்கிறது, அங்கே ஒரு மெஷின் வைத்திருக்கிறார்கள். பெரிய வெள்ளைக் கிண்ணத்தைச் சாய்த்து வைத்தது போல இருக்கும், அதற்குள் முகத்தைக் கொடுத்து, நாடியை ஊன்றி, நடுவில் ஒரு புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், சுற்றி எங்கே வெளிச்சப் பொட்டு வந்தாலும் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். மெஷினை ஓட்டிய பெண் பேர் பெலிண்டா, உன் வயசுதான் இருக்கும். விளக்கை அணைத்தாள். ஒவ்வொரு பொட்டுக்கும் மெஷின் மெல்ல ஒரு சத்தம் போடுகிறது, அதை நான் இரண்டாவது நிமிஷமே கண்டுபிடித்துவிட்டேன். பொட்டு தெரியவில்லை, சத்தம் கேட்டது, இங்கேதான் எங்கேயோ வந்திருக்கிறது என்று அழுத்திக்கொண்டே இருந்தேன். முடிந்ததும் அவள் தாளைப் பார்த்துவிட்டு, "மேடம், லைட்டே வராதப்பவும் அமுக்கியிருக்கீங்க. வெறும் சத்தம் மட்டும் நடுவுல வைக்கும், ஏமாத்துறாங்களான்னு பாக்குறதுக்கு. இந்த ரிசல்ட் செல்லாது" என்றாள். அப்புறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "தெரியிறதத் தெரியலைன்னு சொல்றவங்கள நிறையப் பாத்திருக்கேன். நீங்க உல்டாவா இருக்கீங்களே" என்றாள். லூர்துராணி அக்கா கதவோரத்திலிருந்து, "அவளுக்கு எல்லாத்துலயும் நூத்துக்கு நூறு வாங்கணும் பாப்பா, அச்சகத்துலயும் அப்படித்தான்" என்றார். நான் சிரித்துவிட்டேன். என்னை நம்பவில்லை என்று இத்தனை படி ஏறி வந்தவள், இந்தக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டும் தெரிகிறது தெரிகிறது என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு தரம் எடுக்கலாமா என்று கெஞ்சினேன். சாப்பாட்டு நேரம் முடிந்து வரச் சொன்னாள். இந்த முறை, பொட்டைக் கண்ணால் பார்த்தால் ஒழிய விரலை அசைப்பதில்லை என்று வைராக்கியமாக உட்கார்ந்தேன். சத்தம் வரும், விரல் துடிக்கும், பிடித்துக்கொள்வேன். அடுத்த சத்தம். அடுத்த சத்தம். எவ்வளவு நேரம் ஒன்றுமே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன் தெரியுமா, தர்ஷினி. இவ்வளவு இடம் போய்விட்டது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. விளக்கைப் போட்டபோது பெலிண்டா என் கையைப் பிடித்து நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டாள். தாளில் முழுக்கக் கருப்பு, நடுவில் வெள்ளையாக ஒரு மிளகு அளவு. குழுவில் இருந்த பெண் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "முகாம்ல இத எடுக்கலையா?" என்று கேட்டார். மெஷின் இல்லைங்க என்றேன். பெருமூச்சு விட்டு எழுத ஆரம்பித்தார். யாரும் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

போன வாரம் ஆணை வந்தது. பழைய தீர்ப்பு ரத்து, கடுமையான பார்வைக் குறைபாடு என்று சான்றிதழ். அப்பா அதை வாங்கிச் சத்தமாகப் படித்துவிட்டு, சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். பிறகு ஒரு முறுக்கை எடுத்து என் காதுப் பக்கம் வைத்து, "இது தெரியுதா, இது தெரியுதா" என்று ஒவ்வொரு இடமாகக் கேட்டார், இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது, கடைசியில் முறுக்கைத் தானே தின்றுவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். இருபது வருஷத்துக்கு மேல் கூடவே இருக்கிற மனுஷன். இப்போது டப்பாக்களைத் தொடுவதில்லை. உதவித்தொகைக்கு இனி தாலுகா ஆபீசில் புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டுமாம், அங்கேயும் வரிசை இருக்கிறது, பணம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு இப்போதைக்கு ஒரு வாரம் படுத்துத் தூங்கினால் போதும். பஸ் பாஸ் மட்டும் கைக்கு வந்துவிட்டது.

தெருமுனையில் பூ விற்கும் வீராயியிடம் நானே போய்ச் சொன்னேன். எனக்குப் பக்கத்தில் நிற்பது தெரியாதுங்க, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவேன் என்று. "அதானா சங்கதி! நான்கூட, இந்தம்மா நம்மகிட்ட பூ வாங்குறதக் கவுரவக் கொறச்சலா நெனைக்குதுன்னு இருந்தேன்" என்றாள். அவளிடம் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி. இப்போது நான் வாசலில் கால் வைத்தால் போதும், "சித்ராக்கா, நான் இங்க நிக்கிறேன்", "சித்ராம்மா, வண்டி வருது, ஓரம்" என்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கத்துகிறார்கள். யார் கண்ணிலும் படாமல் போய் வர வேண்டும் என்று இருந்தவளுக்கு வந்த கதியைப் பார். கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் வீட்டுக்கு வந்து சேரும்போது முழங்காலில் புதுக் காயம் இல்லை.

நீ பணம் அனுப்புவதைப் பற்றி, உன் ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் போக மிச்சம் இருந்தால் உன் பேரிலேயே போட்டுவை. வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிடவா என்று கேட்டதை இனிமேல் கேட்காதே. இன்னொன்று, இது குடும்பத்தில் வரக்கூடியது, பெண்ணையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று குழுவில் இருந்த அந்த டாக்டரம்மா சொன்னார். பயப்படாதே, அநேகமாக இருக்காது, ஆனால் போய்ப் பார். அந்தக் கிண்ண மெஷினில் உட்கார வைத்தால் தெரிந்ததற்கு மட்டும் அழுத்து. என் பெண் ஆயிற்றே, அதனால் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. ஜூன் மாசம் ஜங்ஷனில் உன்னை ரயில் ஏற்றிவிட வந்தபோது நீ ஜன்னலிலிருந்து கையை ஆட்டிக்கொண்டே போனாயாம், நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேனாம். "இவ்ளோ தூரம் போறேன்னு கோவமாம்மா" என்று இரண்டு தடவை போனில் கேட்டுவிட்டாய், நானும் ஏதோ சொல்லிப் பேச்சை மாற்றினேன். கோபமில்லை கண்ணு. உன் ஜன்னல் எது என்று தேடிக்கொண்டிருந்தேன், வண்டி போய்விட்டது.

நோய்நொடி இல்லாமல், மனசுக்குப் பிடித்த வேலையில், நல்ல மனிதர்களுக்கு நடுவில் நீ நீண்ட நாள் இருக்க வேண்டும். தலைக்கு எண்ணெய் வை, காதை மூடிக்கொண்டு வெளியே போ. பொங்கலுக்கு வரும்போது பிளாட்பாரத்தில் தூரத்தில் நின்று கை ஆட்டாதே. பேர் சொல்லிக் கூப்பிடு, நேர் எதிரே வந்து நில். உன்னை முழுசாகப் பார்த்துக்கொள்கிறேன்.

என்றும் உன் அம்மா,
சித்ராதேவி