நீ பார்க்காமல் போன மோதல்

இன்று காலை உன் பழைய கணினியைப் பழைய சாமான் வாங்குகிற பங்கார்காரரிடம் போட்டுவிடலாம் என்று கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தேன். கொடுப்பதற்கு முன் ஓடுகிறதா பார்ப்போமே என்று பிளக்கைச் செருகினேன். உள்ளே விசிறி முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கியதும் சூடான தூசியின் வாடை வந்தது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நம் சிஞ்ச்வட் வீட்டில் அடுப்படிக்குத் தாளிப்பு வாடை என்றால் ஹாலுக்கு இந்த வாடைதான். கீழே பங்கார்காரர் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிப் போகச் சொன்னேன்.

தமிழில்தான் எழுதுகிறேன். லோஹேகாவ் விமானப்படைக் குடியிருப்பில் வளர்ந்த நீ இதை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். கல்யாணத்துக்கு முன் நான் எழுதிய கடிதங்களை உன் அப்பாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறாய் என்று பிற்பாடு தெரிந்தபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

நான் விருதுநகர்க்காரன். மோட்டார் உதிரி பாகம் செய்கிற தொழிற்சாலையில் பல்சக்கரங்களைச் சோதித்து அனுப்புகிற வேலை. நீ பல்கலைக்கழகத்தில் துகள் இயற்பியல் ஆராய்ச்சி. அமெரிக்காவில் ஒரு பெரிய மோதல் இயந்திரத்துக்காகச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அதில் இரண்டு கற்றைகளை எதிரெதிராக மோதவிட்டால், இதுவரை யாரும் காணாத ஒரு துகள் எப்படி வெளிப்படும், அதை மற்ற குப்பையிலிருந்து எப்படிப் பிரித்தறிவது என்பதுதான் உன் ஆய்வு. பெண் பார்க்க வந்த அன்று என் அம்மா, "பொண்ணு என்ன வேலை பாக்குது?" என்று கேட்டபோது உன் அப்பா, "இன்னும் கட்டாத மெஷினுக்குக் கணக்குப் போடுறா" என்றார். அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

நமக்குக் கல்யாணமான அதே வருஷம், தீபாவளிக்கு முன்னால், அந்த இயந்திரத்தைக் கைவிட்டுவிட்டார்கள். நீ லோக்கல் ரயிலில் இறங்கி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படியில் நின்றாய்.

"அரே, பாதி தோண்டின குழியை அப்படியே விட்டுட்டாங்களாம்."

"வேற மெஷின் இல்லையா?" என்று கேட்டேன். எங்கள் தொழிற்சாலையில் ஒன்று பழுதானால் பக்கத்து மெஷினில் போட்டு ஓட்டுவோம். அந்தப் பழக்கத்தில் கேட்டது. நீ சிரித்தாய். சிரித்துக்கொண்டே அழுதாய். இரண்டும் ஒன்றாக வருவதை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

ஆய்வு முழுவதையும் ஜெனீவாவுக்குப் பக்கத்தில் வரப்போகிற இன்னொரு இயந்திரத்துக்காக மாற்றி எழுதினாய். அதன் ஆற்றல் கைவிடப்பட்டதைவிட வெகு குறைவு. உன் துகள் கனமானதாக இருந்தால் அதற்கு எட்டாமலே போகலாம். பட்டம் வாங்கினாய், நிரந்தர வேலை கிடைக்கவில்லை. ஒரு கல்லூரியில் வருஷத்துக்கு வருஷம் நீட்டிக்கிற தற்காலிக வேலை. பகலில் பிள்ளைகளுக்கு லென்ஸும் முப்பட்டகமும். வீட்டுக்கு வந்தால் இந்தக் கணினி. அதற்குள் நீயே மோதல்களை உண்டாக்கி, நீயே தேடினாய்.

வியாழக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நம் பக்கம் முழுக்க அன்றைக்குத்தான் கரண்டை நிறுத்துவார்கள். ஒரு மழைக்கால வியாழன், உன்னோடு சேர்ந்து ஆய்வு செய்கிற மும்பை நண்பருக்கு நீ கணக்கை முடித்து அனுப்பியாக வேண்டும். தாபோடியில் என் கூட்டாளி வீட்டில் மின்சாரம் போகாது. கணினிப் பெட்டியை மேசை விரிப்பில் சுற்றி, மேலே பாலிதீன் கட்டி, உன் மடியில் வைத்து ஸ்கூட்டரில் புறப்பட்டோம். மழை கொட்டுகிறது. சிக்னலில் ஒரு போலீஸ்காரர் பெட்டியைப் பார்த்து "காய் ஆஹே?" என்று கேட்டார். உள்ளே என்ன என்று அவருக்குச் சொல்ல நீ இந்தியிலும் மராத்தியிலும் முயன்று, கடைசியில் "பாளாலா சாம்பாள்தே" என்றாய். குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று. அவர் பயந்துபோய் வழிவிட்டார்.

அன்று கூட்டாளி வீட்டில் துண்டால் தலை துவட்டிக்கொண்டே உன்னைக் கேட்டேன்: "கண்ணுக்கும் தெரியாது, கருவியிலும் சிக்காதுங்கிறே. அப்புறம் அது வந்ததே எப்படித் தெரியும்?"

"கேரம் போர்டை நினைச்சுக்குங்க. நடுவுல காயெல்லாம் இருக்கு. அடிச்சதும் எல்லாம் ஒரே பக்கமாப் பறக்குது, எதிர்ப்பக்கம் ஒண்ணுமே போகல. அப்படி நடக்குமா? நடக்காது. மத்லப், அப்படின்னா அந்தப் பக்கம் தெரியாத ஒண்ணு போயிருக்கணும்."

எனக்கு அதன் பிறகு யாரும் இயற்பியல் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஆர்த்தி பிறந்தாள், வளர்ந்தாள். ஜெனீவா இயந்திரம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம் என்றார்கள். நீ கவலைப்படவில்லை. காத்திருப்பதும் உன் தொழிலில் சேர்த்திதான் என்பாய். பிறகு ஒரு குளிர்காலத்தில் மார்பில் கட்டி என்றார்கள். அறுவை முடிந்து, முடி கொட்டி, முளைத்தது. தப்பித்தோம் என்று நினைத்தேன். அடுத்த வருஷமே முதுகெலும்புக்கு வந்துவிட்டது.

மருத்துவரிடம் நீ கேட்டது நினைவிருக்கிறதா? "எத்தனை நாள்னு நான் கேக்கல டாக்டர். அந்த மெஷின் ஓடுற வரைக்கும் இருப்பேனா, அது மட்டும் சொல்லுங்க." நீ இந்தியில் கேட்டாய். அவர் என்னைப் பார்த்தார். வலியில் உளறுகிறாய் என்று எண்ணியிருப்பார். நான் மருந்துச் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டேன்.

பிள்ளையார் திருவிழா நடந்துகொண்டிருந்தபோது அந்த இயந்திரம் ஓடியது. தெருவில் டோல் மேளச் சத்தம் காதைப் பிளந்தது. தொலைக்காட்சியில் உலகம் அழியப்போகிறது என்று அலறினார்கள். எதிர் ஃபிளாட்டில் நாம் காக்கூ என்று கூப்பிடுகிற மராத்தி அம்மாள் பூஜைத் தட்டோடு ஓடி வந்து, "அகோ, ஜக் புட்ணார் ஆஹே கா?" என்றாள். உலகம் மூழ்கிவிடுமா என்று உன்னைக் கேட்டாள், நீதான் அதற்குப் பொறுப்பு என்பதுபோல. நீ முதுகுப் பட்டையை இறுக்கிக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து, "நாஹி காக்கூ, ஆஜ் நாஹி" என்றாய். இன்றைக்கு இல்லை. கற்றை ஒரு முழுச்சுற்று வந்துவிட்டதற்கு அடையாளமாகத் திரையில் இரண்டு புள்ளிகள் தெரிந்தன. நீ என் கையை நசுக்கினாய். அன்று உனக்கு வலியே இல்லை என்று சொன்னாய். நானும் நம்பினேன்.

மோதல் இனிமேல்தான் என்றார்கள். பிள்ளையாரைக் கரைத்து ஒரு வாரம் ஆகியிருக்காது, இயந்திரம் பழுதாகிவிட்டது. காந்தங்களுக்கு நடுவில் ஓர் இணைப்பு சூடேறி உருகி, சுரங்கத்துக்குள் ஹீலியம் கொட்டி, காந்தங்கள் இடம்பெயர்ந்துவிட்டனவாம். சரிசெய்ய ஒரு வருஷம் பிடிக்கும்.

"ஒரு ஜாயின்ட்டுங்க," என்றாய். "ஒரே ஒரு ஜாயின்ட்."

எனக்கு வந்த கோபத்தை யாரிடம் காட்டுவது? பல்சக்கரத்தில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் திருப்பி அனுப்புகிறவன் நான். அங்கே போய் ஒவ்வோர் இணைப்பையும் நானே தட்டிப் பார்த்திருக்கக் கூடாதா என்று பைத்தியக்காரன்போல் யோசித்தேன். ஒரு வருஷம். உன்னிடம் அது இல்லை என்பது நம் இருவருக்கும் தெரியும்.

அதன்பின் நீ செய்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. படுத்தபடியே புதுக் கணக்கு தொடங்கினாய். இதில் அகப்படாவிட்டால் இதற்கும் அடுத்த இயந்திரத்தில், நேர்கோட்டில் எலக்ட்ரான்களை மோதவிடுகிற ஒன்றில், அதை எப்படித் தேடுவது என்று. அது எந்த நாட்டில் வரும் என்றுகூட முடிவாகவில்லை. நான் வெடித்துவிட்டேன்.

"அதுக்கு இன்னும் இருபது வருஷம் ஆகும்னு நீயே சொல்றே! மாத்திரையை முழுங்க முடியல, யாருக்கு இந்தக் கணக்கு?"

"எனக்குன்னு எப்போ பண்ணினேன்?" என்று நீயும் கத்தினாய். "எப்பவுமே இல்லாத மெஷினுக்குத்தானே பண்ணினேன்? அப்போ சும்மா இருந்தீங்க. இப்போ மட்டும் ஏன்?"

ஆர்த்தி கதவருகில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தேன். திரும்பி வந்தபோது நீ தலையணையில் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தாய். பேனாவைப் பிடித்துக்கொள்ள முடியாத நாட்களில் நீ சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒரு குறியும் எனக்குப் புரிந்ததில்லை.

வெயில் காலத்தில் நீ எழுந்திருப்பது நின்றது. தினமும் ஆர்த்தியைக் கூப்பிட்டு, "நெட்ல பாரு, ரிப்பேர் எங்க இருக்கு?" என்பாய். ஒருநாள் அவள் என்னை வராந்தாவுக்கு இழுத்துப்போனாள். "பப்பா, நான்... மெஷின் ஸ்டார்ட் ஆயிடுச்சுன்னு சொல்லிடவா? அம்மாக்கு நல்லா ஃபீல் ஆகும்." அவள் திக்கித் திக்கிப் பேசும் தமிழில் அதைக் கேட்டபோது என்னால் மறுக்க முடியவில்லை. "சொல்லும்மா," என்றேன்.

உள்ளே போனாள். "அம்மா, கொலிஷன் ஆயிடுச்சு. இன்னிக்குக் காலைல."

நீ கண்ணைத் திறந்தாய். "என்ன எனர்ஜில?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. நீ சிரித்தாய், அவள் தலையைத் தடவி, "போய் ஹோம்வொர்க் பண்ணு போ," என்றாய். அவள் போனதும் உன் சிரிப்பு நின்றது. என் சட்டையைப் பிடித்து இழுத்தாய்.

"எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேணும்ங்க. அது இருக்குன்னுகூட வேண்டாம். இல்லைன்னு தெரிஞ்சாலும் போதும். இத்தனை வருஷம் தேடிட்டு, ஆமாவா இல்லையான்னு தெரியாம எப்படிங்க போறது?"

எந்தச் சாமியிடம் கேட்பது, எந்த டாக்டரின் காலில் விழுவது என்று தெரியாமல் உன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை. ஜூனில், தாபோடிச் சாலை வழியாக யாத்திரைக்காரர்களின் பல்லக்கு, அந்தப் பால்கி, வந்த அதே வாரத்தில் நீ போய்விட்டாய்.

நவம்பரில் நிஜமாகவே மோதியது. ஆர்த்தி செய்தியைச் சத்தமாகப் படித்தாள். "எனர்ஜி ரொம்பக் கம்மிதான் பப்பா, இது ஸ்டார்ட்டிங்," என்றாள், உன்னிடம் சொல்வதற்குத் தயாராக வந்தவள்போல. பிறகு அவளுக்கு நினைவு வந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஐந்து மாதம். அவ்வளவுதான் குறைந்தது. அன்று முழுக்க நான் யாரையும் மன்னிக்கவில்லை.

உன் மும்பை நண்பர் போன் செய்தார். அடுத்த இயந்திரத்துக்கான உங்கள் கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது. உன் பெயரைப் போட்டு, பக்கத்தில் ஒரு சிறு சிலுவைக் குறி இடுவார்களாம், நீ இல்லை என்று காட்ட. சரி என்றேன். உன் துகளைப் பற்றிக் கேட்டேன். தேடத் தொடங்கிவிட்டார்கள், ஆனால் தீர்மானமாகச் சொல்லப் பல வருஷங்கள் ஆகலாம் என்றார்.

ஆகட்டும். தொழிற்சாலைக்குக் கிளம்புமுன் தினமும் கணினி மையத்துக்குப் போய் அந்தச் செய்திகளைப் பார்க்கிறேன். பாதி புரிவதில்லை. என்றாவது ஒரு நாள் இருக்கிறது என்றோ இல்லை என்றோ ஒரு வரி வரும். தெரியவேண்டும் என்று துடித்தவள் நீ. தெரிந்துகொள்ளப்போகிறவன் நான். அதைத் தெரிந்துகொண்டு வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல் அடுப்படியில் நின்று, நான் யாரிடம் சொல்வேன்?