வடக்குத் தடத்தில் யாரும் இல்லை

நாள் 611, காலை 7.10
செம்பாறைக் குடியிருப்பு, சைக்கிள் தடப் பிரிவு. எழுதுபவர்: சங்கரவடிவு, தடத் திட்டப் பொறியாளர்.

பண்ணை வளைவை அகலப்படுத்தும் வேலை முடிந்தது. தக்காளிக் கூடை கட்டிய இரண்டு சைக்கிள்கள் எதிரெதிரே வந்தாலும் இனி யாரும் இறங்கி வழிவிட வேண்டாம். பள்ளித் தடத்தில் வெளிச்சம் போதவில்லை என்று தாய்மார்கள் பிடித்துக்கொண்டார்கள். அங்கே விளக்குகள் கூட்டியாயிற்று.

இதைப் பிற்பாடு யாராவது எடுத்துப் படித்தால் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். இது செவ்வாய்க் கிரகத்துப் பாறைக்குள் குடைந்த ஊர். மின்சாரமெல்லாம் காற்றுக்கும் தண்ணீருக்குமே சரியாகப் போய்விடும். ஆகவே எங்களுக்குச் சைக்கிள்தான் வண்டி, சுரங்கம்தான் தெரு.

இன்று வடக்குத் தடத்தில் 'தடக்காவல்' என்ற புதுக் கருவியைப் பொருத்தினார்கள். மற்றத் தடங்களில் சக்கரம் ஏறினால் எண்ணும் தரைத்தட்டு இருக்கிறது. வடக்கில் பனி படிந்து தட்டு கெட்டுப்போகிறதாம். அதனால் கதவுகளிலும் வளைவுகளிலும் காதுகள் வைத்திருக்கிறார்கள். போகிறவர் வருகிறவர் பேச்சைக் கேட்டு எண்ணி, எந்தத் தடத்தை அகலமாக்கலாம், எதை மூடலாம் என்று அது முடிவு சொல்லும். பரிந்துரைத்தவர் காற்றுப் பிரிவு அதிகாரி ஆறுமுகநயினார். அந்த மனிதர் எதையும் சும்மா பரிந்துரைத்து நான் பார்த்ததில்லை.

நாள் 618, காலை 8.30
கருவியின் முதல் கணக்கு வந்தது. வடக்குத் தடம்: பயன்படுத்துவோர் யாரும் இல்லை.

யார் காதில் பூ சுற்றுகிறார்கள்? தண்ணீருக்குப் பனி வெட்டும் குழி அந்தத் தடத்தின் மறுமுனையில்தான் இருக்கிறது. முப்பது பேர் தினமும் போய்வருகிறார்கள். அதில் ஒருவர் என் கணவர் உலகநாதன். சாயங்காலம் புருவமெல்லாம் வெளுத்து வந்து நிற்கிறாரே, அவர் என்ன பேயா?

மூன்று வாரம் ஆள் நடமாட்டம் இல்லாத தடத்திலிருந்து காற்றை உறிஞ்சிக் கிடங்குக்கு எடுத்துவிடலாம் என்று கருவிக்கு உத்தரவு உண்டு. மிஞ்சும் காற்று பண்ணையின் புதுக் கொட்டகைக்குப் போகும். கொட்டகை யார் பொறுப்பில்? நயினார் அண்ணாச்சி பொறுப்பில். வானொலியில் பிடித்தேன்.

"அண்ணாச்சி, வடக்குல ஆளே இல்லன்னு கணக்கு வந்திருக்கு. எங்க வீட்டுக்காரர் தெனமும் பறந்தா போறாரு?"

"மிசினு எண்ணுது தாயி. நானா எண்ணுதேன்? ஒன் வீட்டுக்காரரு போற தடம்னா ஒனக்குக் கொஞ்சம் கூடுதலாத்தான் வலிக்கும்."

அதாவது நான்தான் வீட்டுக்காக வரிந்துகட்டிக்கொண்டு பேசுகிறேனாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாள் 622, காலை 11.15
வடக்குக் கதவருகே காற்றைக் கையால் திறந்துவிடும் சக்கரத்தைக் காணோம். கழற்றியது யார் என்று கேட்டேன். நினைத்தது சரிதான்.

"பண்ணை வால்வு ஒடஞ்சுபோச்சு தாயி, செடி வாடுது. அதான் எடுத்து மாட்டுனேன். புதுசு வந்ததும் போட்டுருதேன்."

புதுசு பூமியிலிருந்து வர எத்தனை மாதம் ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? கருவி அவர் கொண்டுவந்தது, காற்று அவர் கொட்டகைக்கு, சக்கரமும் அவர் கையில். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஊர்க்குழுவில் சொன்னேன். பார்க்கலாம் என்றார்கள். நேற்று அவர் சைக்கிளுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தேன். திரும்பிப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போனார். கள்ளத்தனமாகவா, சாதாரணமாகவா என்று பிடிபடவில்லை.

நாள் 629, இரவு 9.20
காலையில் வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்து வடக்குக் கதவருகே போய் நின்றேன். நயினாரின் ஆள் யாராவது கருவியில் கைவைக்கிறானா என்று பார்க்கத்தான் போனேன்.

யாரும் கைவைக்கவில்லை. கதவு அதன் வாத்தியார் குரலில் ஒவ்வொருவரையும் கேட்டது: "போகிறீர்களா, வருகிறீர்களா?" பெடலில் கால் வைத்தபடி, வழியனுப்ப நின்றவர்களைப் பார்த்து ஒவ்வொருவரும் சொன்னார்கள்: "வாரேன்."

முப்பது பேரும் அதையேதான் சொன்னார்கள். வேறென்ன சொல்வார்கள்? கிளம்பும்போது 'போறேன்' என்று நம்மில் யார் சொல்லியிருக்கிறோம்? போறேன் என்றால் ஒரேயடியாகப் போவது. கருவிக்கு அது தெரியுமா? வந்துசேர்ந்தவர் கணக்கில் எல்லோரையும் எழுதிக்கொண்டது. சாயங்காலம் பனிக்குழிக் கதவிலும் இதே கதைதான். இரண்டு பக்கமும் வருகிறவர்கள் மட்டும். தடத்துக்குள் நுழைகிறவர் ஒருவரும் இல்லை.

முதலில் சிரித்துவிட்டேன். பிறகு கெடுவை எண்ணிப் பார்த்தேன். இன்னும் மூன்றே நாள்.

கருவியை நிறுத்தும் கடவுச்சொல் பூமி அலுவலகத்தில் இருக்கிறது. செய்தி அனுப்பிவிட்டேன், பரிசீலிக்கிறார்களாம். அதுவரை எல்லோரும் 'போறேன்' என்று சொல்லுங்கள் என்று குழிக்காரர்களைக் கேட்டேன். பதில் சொன்னது என் வீட்டுக்காரர்.

"ஏளா, அத மட்டும் கேக்காத. முப்பது பேரும் போறேன் போறேன்னு சொல்லிட்டு சைக்கிள எடுத்தா வெளங்குமா?"

"அப்போ போயிட்டு வாரேன்னாவது சொல்லுங்க."

சொல்லிப் பார்த்தார்கள். கருவி கடைசிச் சொல்லை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறது.

நயினாருக்கும் சொன்னேன். "நெசமாவா தாயி?" என்றார். அந்த ஆச்சரியத்தை நான் நம்பவில்லை. இத்தனை வருடம் வாரேன் சொல்லியே வளர்ந்தவருக்கு இது தோன்றாமலா இருந்திருக்கும்?

நாள் 632, பகல் 12.40
மூன்று வாரக் கெடு இன்றோடு முடிந்தது. வடக்குத் தடத்தில் யாரும் இறங்கக் கூடாது என்று ஊர்க்குழு இன்றுதான் கூடி உத்தரவு போட்டது. அது பனிக்குழிக்குப் போய்ச்சேரும் முன்பே, உடைந்த துளைக்கருவியைப் பழுதுபார்க்க எடுத்துக்கொண்டு உலகநாதன் அங்கிருந்து ஊருக்குக் கிளம்பிவிட்டார். கதவில் வாரேன் என்றுதான் சொல்லியிருப்பார்.

கருவி காற்றை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டது. இரண்டு கதவும் பூட்டிக்கொண்டன. வானொலியில் அவர் குரல் வந்தது.

"வடிவு, காதடைக்குது. காத்து கொறையுதா?"

"பக்கத்து வளைவுல நின்னு போறேன்னு சொல்லுங்க. ஒடனே சொல்லுங்க!"

"ஒன்ட்ட எப்பிடிட்டி அதச் சொல்லுவேன்..."

அதற்குப் பிறகு சத்தமில்லை. கிடைத்தால் அறைய வேண்டும் என் வீட்டுக்காரரை.

12.46
காதுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆளின் குரல்தான் கணக்கு. வானொலிக் குரல் செல்லாது. நான் இருக்கும் அறையிலிருந்து கதவு வெகுதூரம். அங்கே யார் இருந்தாலும் பேசுங்கள் என்று கத்தினேன். பேசியது நயினார். அவருக்கு அங்கே என்ன வேலை?

"சக்கரத்தத் திருப்பி மாட்டலாம்னு கொண்டாந்தேன் தாயி. மரை தேஞ்சுபோச்சு, பிடிக்க மாட்டேங்குது."

விஷயத்தைச் சொன்னேன். மூச்சு விடும் நேரம்கூட யோசிக்கவில்லை அவர். கதவு கேட்பதும் அவர் சொல்வதும் எனக்குக் கேட்டது.

"போறேன். கேக்குதா மிசினே? போறேன்!"

காற்றுமானி ஏறுகிறது. வடக்குத் தடம்: ஒருவர். கதவு திறந்துவிட்டது. மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன் அவர். மூன்று வாரமாக நான் திருடன் என்று நினைத்தது இவரைத்தான். அழுகையாக வருகிறது, எழுத்துக் கோணுகிறது.

1.05
"தாயி, ஆளு கெடச்சுட்டாரு. மூணாவது வளைவுல கெடக்காரு. மூச்சிருக்கு."

கடவுளே.

"நீ கவலப்படாத. தோள்ல போட்டுட்டு இந்தா வாரேன்."

1.06
மூன்றாவது வளைவில் காது இருக்கிறது.

வடக்குத் தடம்: யாரும் இல்லை. மானி இறங்குகிறது, கதவும் மறுபடி பூட்டிக்கொண்டது. அண்ணாச்சி மாத்திச் சொல்லுங்க மாத்திச் சொல்லுங்க என்று கத்துகிறேன். பதில் இல்லை. ஆளைத் தூக்க வானொலியைக் கீழே வைத்திருப்பார். சைக்கிள் சாயும் சத்தம் மட்டும் கேட்டது.

1.08
கதவுக்குப் பக்கத்தில் வேறு யாரும் இல்லை. நானே மிதித்தாக வேண்டும். படிக்கிறவர் யாரானாலும் அந்தக் காதுகளைப் பிடுங்கி எறியுங்கள்.

கதவு என்னையும் கேட்கும். பதில் வாயில் வரமாட்டேன் என்கிறது. எழுதிப் பார்த்துக்கொள்கிறேன்.

போறேன்.
போறே