முடிச்சு நழுவவில்லை

தம்பிக்கு அக்கா எழுதுவது.

உன் அத்தான் முடிச்சைத் தப்பாகப் போட்டார், அதனால்தான் விழுந்தார் என்று நீ கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தது பொய். அந்த முடிச்சைப் போட்டது அவர் இல்லை, நான். அது நழுவவும் இல்லை. அறுந்தது நீ செய்த தூண்டில் நூல். இவ்வளவும் தெரிந்துதான் எழுதினாய். நலம் விசாரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதலில் இதைச் சொல்லியாக வேண்டும்.

போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பாய். நீ "அக்கா, அக்கா" என்று குழைய ஆரம்பித்தால் எனக்குப் பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிடும். சின்ன வயதிலிருந்தே அந்த வித்தை உனக்குத் தெரியும். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

அவருக்குக் கை நடுக்கம் வந்த பிறகு முடிச்சுகள் எல்லாம் என் வேலை என்று உனக்குத் தெரியாதா? நீ ஒவ்வொரு முறை சோதித்துப் பார்க்கப் புது நூல் அனுப்பும்போதும் "அக்கா கட்டட்டும், அத்தான் வீசட்டும்" என்று சொன்னவன்தானே. எனக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. நூல் டப்பாவின் முதுகில் இருக்கும் படத்தைப் பார்த்து, ஜன்னல் திரைக் கயிற்றில் கட்டிக் கட்டிப் பழகினேன். பின்னல் நூல் நைலான் நரம்பு மாதிரி இல்லை, வழுக்கும். நுனியில் இணைக்கிற நரம்பை மடக்கி, நூலை அதன் மேல் நெருக்கமாகச் சுற்றி, எச்சில் தொட்டு, மெதுவாக இறுக்க வேண்டும். அவசரப்பட்டால் சூடு ஏறி நூல் கெட்டுவிடும். என் முடிச்சு ஒன்றுகூட அவிழ்ந்ததில்லை. உன் ஷூ நாடாவையும் நான்தான் கட்டிவிட்டேன். மீசை அரும்பிய பிறகும் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். அது எப்போதாவது அவிழ்ந்ததா?

இந்தப் புது நூலைப் பற்றி நான் முன்னாலேயே சொன்னேன். மெழுகு மாதிரி வழுக்கி மிதக்கிற இழை ஒன்று, கனமாக விறைப்பாக மூழ்குகிற இழை ஒன்று, இரண்டையும் கலந்து பின்னியிருக்கிறோம், காற்றில் வளையாது, அலையில் தூக்காது, லூர் என்கிற போலி மீன் நினைத்த ஆழத்துக்குப் போகும் என்று நீ பெருமையாகச் சொன்னாய். அதெல்லாம் உண்மை. அவர் வீசியபோது அந்தப் போலி மீன் பறந்து போய் விழுந்த தூரத்தைப் பார்த்து நானே வாயைப் பிளந்தேன். ஆனால் சில நாள் வீசிய பிறகு, தினமும் செய்வது போல நூலை உதட்டின் மேல் வைத்து இழுத்துப் பார்த்தேன். வெளியே பட்டு மாதிரி இருந்தது. உள்ளே மட்டும் மணல் சிக்கியது போல நறநறவென்றது. விறைத்த இழை உள்ளுக்குள் ஒடிகிறது, மற்றது இழுபட்டு அதை மூடி மறைக்கிறது என்று எனக்குத் தோன்றியது. உனக்குச் சொன்னேன். நீ என்ன சொன்னாய்? "புது நூல்னா அப்படித்தான் இருக்கும்க்கா, நாலு நாள் போனா பழகிடும்" என்றாய். புதுச் செருப்புக்குச் சொல்கிற மாதிரி.

அன்றைக்கு நடந்ததை நீ என் வாயால் கேட்டதே இல்லை. யாரும் கேட்கவில்லை. இப்போது கேள்.

காலை நேரம். வானம் மூடியிருந்தது, மழை இல்லை. அவர் மேல் பாறையில் நின்று வீசிக்கொண்டிருந்தார். நான் கொஞ்சம் கீழே ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தேன். லூர் தண்ணீருக்குள் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டது. வேறு யாராக இருந்தாலும் நூலை வெட்டிவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் மாட்டினால் வெட்டக் கூடாது, ரீலைப் பூட்டி நேராகப் பின்னால் இழுத்து, நூல் எப்படி விடுகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது உன் கட்டளை. எல்லா நூலையும் அவர் அப்படித்தான் இழுத்திருக்கிறார். பின்னல் நூல் அறுவதற்கு முன்னால் முனகும். வெளி இழைகள் ஒவ்வொன்றாகப் போகும்போது கிர்ரென்று ஒரு சத்தம் கோல் வழியாகக் கைக்கு வரும். அது வந்ததும் அவர் உடம்பு பாரத்தைப் பின்னங்காலிலிருந்து முன்னங்காலுக்கு மாற்றிவிடும். யோசித்துச் செய்வதில்லை, கால்களுக்கே தெரியும். இந்த நூல் முனகவில்லை. ஒரு சத்தமும் இல்லாமல் போனது. முழு பாரமும் பின்னால் இருந்தது. நாற்காலியில் உட்காருகிறவர் மாதிரிதான் விழுந்தார். எழுந்து திட்டப்போகிறார் என்று நினைத்து நான் ஃபிளாஸ்க்கை மூடிக்கொண்டிருந்தேன்.

மறுநாளே உங்கள் ஆட்கள் வந்து கோலையும் ரீலையும் நூலையும் எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு ஆஸ்பத்திரிக்கு உங்கள் அலுவலகத்து அம்மா ஒருத்தி வந்தாள். கை நிறையப் பழம், குரல் நிறையத் தேன். வராந்தாவுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய், "முடிச்சு நழுவிடுச்சும்மா. சாரே சொல்லிட்டாரு, நான்தான் போட்டேன், எச்சில் தொட மறந்துட்டேன்னு. யாரும் அவரைக் குறை சொல்ல மாட்டோம், நீங்க கவலைப்படாதீங்க" என்றாள். நான் உள்ளே வந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது நான் நினைத்தது இதுதான். முடிச்சு நிஜமாகவே நழுவியிருக்கிறது. என் கை பிசகியிருக்கிறது. அதை மறைக்க அவர் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறார். வேறு எப்படி நினைப்பேன்? நூலைச் சோதித்துப் பார்த்துச் சொன்னவன் என் தம்பி, ஒத்துக்கொண்டவர் என் புருஷன். இரண்டு பேரும் சேர்ந்து பொய் சொல்வீர்கள் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

அதற்குப் பிறகு இந்த வீட்டில் நான் எதையும் முடிச்சுப் போடவில்லை. அவருடைய பைஜாமா நாடாக்களை எல்லாம் உருவிவிட்டு எலாஸ்டிக் கோத்தேன். குப்பைப் பையைக்கூட ரப்பர் பேண்டு போட்டுத்தான் வைத்தேன். கட்டு மாற்ற வருகிற நர்ஸ், "ஏம்மா, துணியை ஒரு முடி போடக் கூடாதா, கையிலயே பிடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க" என்று சிரிப்பாள். வாதம் அம்மா, விரல் மடங்க மாட்டேன் என்கிறது என்று சொல்லிவிடுவேன். அவர் படுக்கையிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

நூல் கடைக்கு வந்துவிட்டது, பார்த்தேன். தூண்டில் கடைக் கண்ணாடிக்குள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அழகான டப்பா. முதுகில் சிவப்புக் கட்டம் போட்டு, முடிச்சை நனைத்து இறுக்கவும், தவறான முடிச்சு நழுவும் என்று அச்சடித்திருக்கிறீர்கள். கடைக்காரர் நம் கதை தெரியாதவர் இல்லை. "பாருங்கம்மா, அண்ணன் விழுந்ததுல மத்தவங்களுக்கு ஒரு புத்தி கிடைச்சுது" என்று ஆறுதலாகத்தான் சொன்னார். ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன்.

பாறையில் சிப்பி எடுக்கிற மனிதரை உனக்கு ஞாபகம் இருக்கும். இடுக்குகளில் மாட்டிய லூர்களைப் பொறுக்கி, துரு தேய்த்து, மாட்டியவர்களிடமே விற்கிறவர். "கடல் எனக்காகக் கடை போட்டிருக்குது, நான் வெறும் வேலைக்காரன்" என்பாரே, அவர்தான். அவரிடம் இடத்தைக் காட்டி, தண்ணீர் நன்றாக வற்றுகிற அன்று பார்க்கச் சொன்னேன். எதற்கு என்று சொல்லவில்லை. எனக்கே சரியாகத் தெரியவில்லை. நழுவியதுதான் என்றால் அதையாவது என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது.

எடுத்து வந்தார். லூர் துருப்பிடித்து, பாசி படிந்து இருந்தது. அதில் நரம்பு இருந்தது. நரம்பின் நுனியில் முடிச்சு இருந்தது. நான் போட்ட மாதிரியே, இறுக்கமாக, ஒரு சுற்றுகூட விலகாமல் இருந்தது. முடிச்சுக்கு அந்தப் பக்கம் உன் நூல் ஒரு கை நீளத்துக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. முடிச்சு நழுவியிருந்தால் அதில் நூல் ஏது? நீயே சொல்.

ரீலில் இருந்த மறு முனையை நீங்கள்தான் எடுத்துப் போனீர்கள். நழுவிய நூல் சுருண்டு கிடக்கும், அறுந்த நூல் தூரிகை மாதிரி பிரிந்திருக்கும். எனக்கே தெரிகிறது. பூதக்கண்ணாடியும் கையுமாக இருக்கிற உனக்கா தெரியாது?

லூரைக் கொண்டுபோய் அவர் நெஞ்சின் மேல் வைத்தேன். பாருங்கள், என் முடிச்சு, நீங்கள் ஒன்றும் எனக்காகப் பழி சுமக்க வேண்டாம் என்றேன். அழுதுகொண்டே சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவர் அதைக் கையில் எடுக்கக்கூட இல்லை. "எனக்கு அப்பவே தெரியும்" என்றார். பிறகு, "அவன்தான் போன் பண்ணினான். அழுதான். இந்த நூல் போச்சுன்னா நானும் போனேன் அத்தான்னு சொன்னான். நீ வளர்த்த பிள்ளை. நான் என்னத்தைச் சொல்றது?" என்றார்.

அவர் காப்பாற்றியது என்னை இல்லை. உன்னை.

இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இருக்கிறதா இல்லையா என்று டாக்டர்கள் ஊசியால் குத்திப் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில், நீ அவரிடம் ஒரு பொய் கேட்டிருக்கிறாய். அவரும் கொடுத்திருக்கிறார். நான் அந்தப் பொய்யை என் கையில் வைத்துக்கொண்டு இத்தனை மாதம் பைஜாமாவுக்கு எலாஸ்டிக் கோத்துக்கொண்டிருந்தேன். நான் மாறிப்போனதும் உனக்குத் தெரியும். "அக்கா ஏன் ஒரு மாதிரி இருக்கா?" என்று நீ அவரிடம் கேட்டாயாமே.

அந்த நூலுக்காக நீ எத்தனை வருஷம் உழைத்தாய் என்று எனக்குத் தெரியும். சாப்பாட்டை மறந்து, தலை நரைத்துப் போய் நின்றாய். அதெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாளைக்கு இன்னொருவன் அதே மாதிரி பாறையில் நின்று இழுப்பான். அவன் வீட்டிலும் ஒருத்தி ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருப்பாள். அவளிடம் போய் முடிச்சு என்று சொல்வாயா?

இனி நலம். நீ அனுப்பிய சக்கர நாற்காலி வந்து சேர்ந்தது. நல்ல நாற்காலி. இரண்டு முறைதான் உட்கார வைக்க முடிந்தது. முதுகுப் புண் ஆறவில்லை, காய்ச்சல் வந்து வந்து போகிறது. டாக்டர், இனிமேல் வாரா வாரம் கூட்டி வந்து அலைய வேண்டாம், வீட்டிலேயே சௌகரியமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. உனக்கும் வேண்டியதில்லை.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இதில் கெஞ்சல் எதுவும் இல்லை.

நீ செய்ய வேண்டியது: எழுதியதைத் திருப்பி எழுது. முடிச்சு நழுவவில்லை, நூல் உள்ளே ஒடிந்து அறுந்தது என்று உன் கையாலேயே எழுதிக் கொடு. நான் இந்த லூரை எடுத்துக்கொண்டு உன் மேலதிகாரிகளிடம் போக முடியும். போகாமல் இருப்பது நீ செய்வாய் என்பதற்காக. உன் பெயரை நீயே கெடுத்துக்கொண்டாய், நீயே சரி செய்துகொள்.

உன் கம்பெனிக்காரர்கள் செய்ய வேண்டியது: கடைகளில் இருக்கிற டப்பாக்களைத் திரும்ப எடுக்க வேண்டும். அந்தச் சிவப்புக் கட்டத்தைக் கிழித்துப் போட வேண்டும். பழம் கொண்டு வந்த அம்மா திரும்பி வந்து, அதே வராந்தா இல்லாவிட்டாலும் என் வீட்டு வாசலில் நின்று, நழுவவில்லை என்று சொல்லிவிட்டுப் போகட்டும். பழம் வேண்டாம்.

உன் மனைவி செய்ய வேண்டியது: இந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டும். நீ காட்டாமல் விட்டால் அவளுக்குத் தனியாக ஒன்று எழுதுவேன். வேலை போய்விடும் என்று நீ பயந்தாய் அல்லவா? போனால் உன் பக்கத்தில் நிற்கப் போகிறவள் அவள்தான், காரணம் தெரிந்து நிற்கட்டும்.

உன் அத்தான் செய்ய வேண்டியது ஒன்றுதான். நீ வருகிற வரைக்கும் வேளைக்கு நாலு வாயாவது சாப்பிட வேண்டும். சொல்லிவிட்டேன். தலையை ஆட்டினார்.

நான் செய்ய வேண்டியது: லூரை யாரிடமும் கொடுக்காமல் வைத்திருப்பது. தபாலில் அனுப்ப மாட்டேன். பார்க்க வேண்டுமென்றால் இங்கே வந்து, அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார். அவருக்கு உன் மேல் கோபம் இல்லை. நீ வந்தால் எழுந்து உட்கார வேண்டும் என்று முகச்சவரம் செய்துவிடச் சொல்கிறார். கோபப்படுகிற வேலை முழுவதும் என் தலையில் விழுந்திருக்கிறது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நன்றாக இரு. சீக்கிரம் வா. சீக்கிரம் என்றால், அடுத்த லீவில் இல்லை.

உன் அக்கா.