இளவரசியார் மூக்கு திறந்த செய்தி

நலம் பெருகுக! அருவி வற்றாத, மகிழமரம் வாடாத வெள்வரை நாட்டைக் குடைநிழலில் காக்கும் மாமன்னர் இளங்கோடனார் திருமுன், ஆம்பலூர் நாட்டுப் பேரமைச்சன் சாத்தந்தை பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் குலமும் குடிகளும் யானைகளும் இனிது விளங்குக.

பெருமானே, முகமனை நீட்டக் கை மறுக்கிறது, எழுத்தாணி துள்ளுகிறது. எங்கள் இளவரசியார் பொன்முகையாரின் மூக்கு திறந்துவிட்டது!

சென்ற பங்குனியில் நடந்ததைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மணமகள் கண்கட்டி நின்று, அவையோர் அணிந்த மாலைகளுள் மணமகன் நாட்டுப் பூவை முகர்ந்தறிந்து கரம் பற்றுவது எங்கள் குலமரபு. தங்கள் திருமகனார் இளவெயினர் மகிழம்பூ மாலையுடன் மலர்ந்த முகமாய் நிற்க, இளவரசியார் அவரைக் கடந்து வந்து, பேரன் பேத்தி எடுத்த என் கையைப் பற்றினார். அவை சிரித்தது, தங்கள் திருமகனார் மாலையைக் கழற்றி எறிந்து குதிரை ஏறினார். வேண்டுமென்றே செய்த அவமதிப்பு என்று தாங்கள் கருதியதில் வியப்பில்லை. உண்மையோ வேறு. அன்று இளவரசியாருக்கு மல்லிகையும் சாணமும் ஒன்றுதான். பீனிசத்தால் மூக்கின் உட்புறம் வீங்கி அடைத்திருந்ததை, திருமணம் தள்ளிப்போகுமே என்று அஞ்சி எவரிடமும் கூறாதிருந்தார்.

எங்கள் மருத்துவர் மருதக்கண்ணனார், நொச்சியும் துளசியும் இட்டுக் காய்ச்சி வடித்து, சிட்டிகை உப்புச் சேர்த்து வெதுவெதுப்பாக ஆறிய நீரை மூக்கு வைத்த கெண்டியில் கொணர்ந்து, ஒரு நாசியில் ஊற்றி மறுநாசியில் வெளியேற்ற வேண்டும் என்றார். இளவரசியார் அதைக் கேட்டதும் தோட்டத்தில் ஒளிந்துகொண்டார். அமைச்சர் முதலில் செய்து காட்டட்டும் என்று அங்கிருந்தே ஆணை வந்தது. தும்மித் தவித்தேன், தலைப்பாகை நனைந்தது, ஆயினும் பிழைத்தேன். அதைக் கண்டு சிரித்தபடியே அவரும் தலை சாய்த்தார். நாள்தோறும் தொடர, முகவலி தணிந்து மூச்சும் சீரானது.

இன்று காலை அவைக்களத்தைக் கடந்தவர் திடீரென நின்று, ஏதோ மணக்கிறதே என்று வினவி, மூக்கு காட்டிய வழியே நடந்து, தூணின் பின்னே கிடந்த சருகை எடுத்தார். தங்கள் திருமகனார் எறிந்த அதே மகிழமாலை! அங்கே பெருக்காமல் விட்டவருக்குப் பரிசளிக்க எண்ணியுள்ளேன். காய்ந்தும் மணம் போகாத அதை முகத்தோடு அணைத்து அவர் அழுதார். நானும் அழுதேன், மறைப்பானேன்?

ஆகவே, வரும் முழுமதியன்று இளவெயினர் அதே அவைக்கு எழுந்தருளுமாறு எங்கள் மன்னர் வேண்டுகிறார். அடியேன் பூவேதும் சூடாமல் வாயிலுக்கு வெளியே நிற்பேன். கண்கட்டும் மரபை இம்முறை விட்டுவிடலாம் என்று மன்னர் அருளியபோது இளவரசியார் மறுத்து, துணியை முன்பைவிட இறுக்கமாகக் கட்டுமாறு கட்டளையிட்டுள்ளார்.

ஆம்பல் இலச்சினை இட்டோம். அரக்கு உலருமுன் தூதன் புறப்படுகிறான். அவனுக்கு மோர் தந்து, நல்விடையோடு அனுப்புக. இரு நாடும் மணம் பெறுக.